கடைசி ஆள் கை எடுக்கும்வரை

ஒரு டயோடுக்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தைப் படிப்படியாக உயர்த்தி, ஒவ்வொரு படியிலும் அதன் வழியே ஓடும் மின்னோட்டத்தை அளந்து வரைபடம் போடுவது கல்லூரி ஆய்வகங்களில் வழக்கமான வேலை. இருபது புள்ளி என்றால் கையால் செய்துவிடலாம். இரண்டாயிரம் புள்ளி, அதுவும் பத்து வெவ்வேறு வெப்பநிலைகளில் என்றால் கையும் கண்ணும் தாங்காது. பவர் சப்ளை, மல்டிமீட்டர், வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவி ஆகிய மூன்றையும் ஒரு கணினியோடு இணைத்து, ‘நீ இவ்வளவு கொடு, நீ அளந்து சொல், நீ அடுத்த வெப்பநிலைக்குப் போ’ என்று ஆணையிட வேண்டியதாகிறது. வெளியிலிருந்து பார்த்தால் இது கம்பி இழுக்கும் வேலை, எந்த முனையை எதில் செருகுவது என்ற மின்சாரக் கேள்வி. உண்மையில் கம்பி இழுப்பது இதில் சிறிய பங்குதான். பல வேகங்களில் இயங்கும், பல நிறுவனங்கள் செய்த, ஒன்றை ஒன்று அறியாத பெட்டிகள் ஒரே கம்பியில் பேசும்போது யார் எப்போது பேசுவது, யார் கேட்பது, எல்லோரும் கேட்டு முடித்தார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பதே பெரிய பங்கு. ஆய்வகங்களில் ஜிபிஐபி என்று அழைக்கப்படும் பழைய பஸ், அதாவது பல கருவிகள் பகிர்ந்துகொள்ளும் பொது இணைப்பு, ஐம்பது ஆண்டுகளாக நிலைத்திருப்பதற்குக் காரணம், இந்தக் கேள்விகளுக்கு அது கண்ட விடை. அதே பஸ் விடை சொல்லாமல் விட்ட ஒரு கேள்விதான் அதைப் பயன்படுத்தியவர்களை நீண்ட காலம் படுத்தியெடுத்தது.

1960களில் அளவைக் கருவிகளிலிருந்து எண்ணை வெளியே எடுக்க ஒரு முரட்டு வழி இருந்தது. திரையில் தெரியும் ஒவ்வொரு இலக்கத்துக்கும் நான்கு கம்பி. ஆறு இலக்க மீட்டருக்கு இருபத்து நான்கு கம்பி. அதற்கு மேல் கூட்டல்-கழித்தல் குறிக்கும், தசமப் புள்ளியின் இடத்துக்கும், வீச்சுக்கும் தனித்தனிக் கம்பிகள். அடுத்த நிறுவனத்தின் மீட்டரில் கம்பிகளின் வரிசையே வேறு. புதிதாக ஒரு கருவி வாங்கினால் கணினிக்குள் புதிதாக ஓர் அட்டையும் செய்தாக வேண்டும். ஹியூலெட்-பேக்கார்ட் (ஹெச்பி) நிறுவனம் தன்னிடமே நூற்றுக்கணக்கான கருவி வகைகளை வைத்திருந்ததால் இந்தத் தொல்லையை எல்லோரையும்விட அதிகமாக அனுபவித்தது. அது உருவாக்கிய பொது இணைப்பை 1972 அக்டோபரில் தன் இதழில் விவரித்தது. 1975இல் அது ஐ-ட்ரிபிள்-ஈ 488 என்ற எண்ணோடு பொதுத் தரமானது. அந்த நிறுவனம் அதை ஹெச்பி-ஐபி என்றே சொல்லிவந்தது. போட்டியாளரின் பெயரைத் தங்கள் பெட்டியின் முதுகில் அச்சடிக்க விரும்பாத மற்றவர்கள் ஜிபிஐபி என்றார்கள். அந்தப் பெயரே நிலைத்தது.

கேபிளில் இருபத்து நான்கு முனைகள். அவற்றில் பதினாறு செய்தி சுமப்பவை, எட்டு தரைக்கம்பிகள். பதினாறில் எட்டு தரவுக்கு. ஒரு நேரத்தில் ஒரு பைட் போகும். ஐந்து நிர்வாகத்துக்கு. மிச்சமுள்ள மூன்றில்தான் இந்த வடிவமைப்பின் உயிர் இருக்கிறது. ஒவ்வொரு கருவிக்கும் 0 முதல் 30 வரை ஒரு முகவரி உண்டு. பெட்டியின் பின்புறம் ஐந்து சிறு ஸ்விட்சுகளைத் தள்ளி அதை அமைப்பார்கள். கணினியில் உள்ள கட்டுப்படுத்தி, ‘ஏடிஎன்’ என்ற கம்பியைத் தாழ்த்தினால் எல்லாக் கருவிகளும் பேச்சை நிறுத்திக் காது கொடுக்க வேண்டும். அப்போது அது அனுப்பும் பைட், முகவரியோடு 32ஐக் கூட்டியதாக இருந்தால் ‘இந்த முகவரிக்காரர் கேட்க வேண்டும்’ என்று பொருள். 64ஐக் கூட்டியதாக இருந்தால் ‘இவர் பேசலாம்’. ஹெச்பி மல்டிமீட்டர்கள் பல 22 என்ற முகவரியோடு தொழிற்சாலையிலிருந்து வரும். 64ஐயும் 22ஐயும் கூட்டினால் 86. கணினி எழுத்துக் குறியீட்டில் அது வோல்ட்டின் முதல் எழுத்தான ‘வி’. தற்செயலோ குறும்போ, வோல்ட்மீட்டரைப் பேச அழைக்கும் குறி அப்படி அமைந்துவிட்டது. 31ஐ யாருக்கும் கொடுப்பதில்லை. அதோடு 32ஐக் கூட்டினால் வரும் 63, ‘இனி யாரும் கேட்க வேண்டாம்’ என்ற ஆணை. எழுத்துக் குறியீட்டில் அது கேள்விக்குறி!

இப்போது அந்த மூன்று கம்பிகள். இந்தப் பஸ்ஸின் ஒவ்வொரு கம்பியும் சும்மா இருக்கும்போது உயர்ந்த மின்னழுத்தத்தில் நிற்கும். எந்தக் கருவி வேண்டுமானாலும் அதைக் கீழே இழுக்கலாம். ஒருவர் இழுத்தாலும் பத்துப் பேர் இழுத்தாலும் கம்பி தாழ்ந்தே இருக்கும், எல்லோரும் விட்டால்தான் மேலே எழும். முதல் கம்பி பேசுபவருடையது: ‘இதோ தரவு வைத்துவிட்டேன்.’ மற்ற இரண்டும் கேட்பவர்களுடையவை. அவற்றின் பெயர்கள் எதிர்மறையில் இருப்பதைக் கவனிக்க வேண்டும். ஒன்று ‘இன்னும் தயாரில்லை’, இன்னொன்று ‘இன்னும் வாங்கிக்கொள்ளவில்லை’. ‘தயார்’ என்று நேராகப் பெயர் வைத்து, தயாரானவர் கம்பியை இழுக்கலாம் என்று விதித்திருந்தால் முதலில் தயாரான ஒருவரே எல்லோருக்குமாகப் பதில் சொல்லிவிட்டிருப்பார். மெதுவான கருவிக்குப் பைட் தவறியிருக்கும். ‘தயாரில்லை’ என்பவர் இழுத்துப் பிடிப்பதால், கடைசி ஆளும் கையை எடுத்த பிறகே கம்பி எழுகிறது. கல்யாணப் பந்தியில் கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்கும்வரை மற்றவர்கள் இலையை மூடி எழாமல் காத்திருப்பது போன்றது இது. பரிமாறுபவர் ஒவ்வொருவரிடமும் போய் ‘ஆயிற்றா?’ என்று கேட்க வேண்டியதில்லை. வரிசையைப் பார்த்தாலே தெரியும். பேசுபவர் முதலில் ‘தயாரில்லை’ கம்பி எழக் காத்திருந்து, பைட்டை வைத்து, தன் கம்பியைத் தாழ்த்துகிறார். கேட்பவர்கள் அவரவர் வேகத்தில் வாங்கிக்கொண்டு ‘வாங்கவில்லை’ கம்பியை விடுகிறார்கள். கடைசி ஆள் விட்டதும் அது எழுகிறது. பேசுபவர் தன் கம்பியை விடுகிறார். அடுத்த பைட்டுக்கு இந்தக் கைகாட்டல் எல்லாம் மறுபடி முதலிலிருந்து.

இந்த ஏற்பாட்டில் கடிகாரம் என்று எதுவுமே இல்லை. விநாடிக்கு இத்தனை பைட் அனுப்பியே ஆக வேண்டும் என்று தரம் எங்கும் சொல்லவில்லை. அதில் குறிப்பிடப்படும் விநாடிக்குப் பத்து லட்சம் பைட் ஓர் உச்சவரம்பு மட்டுமே. அதைவிட ஆயிரம் மடங்கு மெதுவாகப் போனாலும் தவறில்லை. இதன் விளைவு பெரியது. 1975இன் சிப்பைக் கொண்டு செய்த மீட்டரும், அதைவிடப் பல ஆயிரம் மடங்கு வேகமான இன்றைய கணினியும் ஒரே கேபிளில் முன்தயாரிப்பு எதுவுமின்றிப் பேசிக்கொள்ள முடிகிறது. இதற்குச் சற்று முன், 1969இல், ஐரோப்பிய அணு ஆய்வகங்கள் சேர்ந்து காமாக் என்ற தரத்தைக் கொண்டுவந்திருந்தன. அதில் கருவி என்பது ஒரு கூண்டுக்குள் செருகும் அட்டை. கூண்டின் உள்வழியில் ஒரு பரிமாற்றம் ஒரு மைக்ரோவிநாடி என்று நேரம் வகுக்கப்பட்டிருந்தது. துகள் இயற்பியலுக்கு அது அருமையான ஏற்பாடு, பல ஆய்வகங்களில் பல பத்தாண்டுகள் உழைத்தது. ஆனால் அந்த நேரக்கணக்குக்குள் அடங்காத, தன் முகப்பில் குமிழும் திரையும் கொண்ட தனிப் பெட்டிக்கு அங்கே இடமில்லை. ஜிபிஐபி மேசைமேல் இருந்த பெட்டியைப் பெட்டியாகவே ஏற்றுக்கொண்டது. கேபிளைக் கழற்றினாலும் அது முழுக் கருவிதான்.

மெதுவானவருக்காக எல்லோரையும் நிறுத்தி வைப்பது அநியாயம் அல்லவா என்ற எதிர்வாதம் உடனே எழும். நியாயமான கேள்வி. அரைப்பகுதிக்கு விடை எளிது: தரவு போகும் நேரத்தில் கேட்பவராக நியமிக்கப்பட்டவர்கள் மட்டுமே அந்தக் கம்பிகளைப் பிடிக்கிறார்கள். மற்றக் கருவிகள் எவ்வளவு சோம்பலாக இருந்தாலும் இடையூறு இல்லை; முகவரி அழைக்கும் ஓரிரு பைட்டுகளில் மட்டும் எல்லோரும் பங்கேற்கிறார்கள். மீதி அரைப்பகுதிக்குக் கணக்குப் போட வேண்டும். நுட்பமான மல்டிமீட்டர் ஒன்று மின்கம்பியிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலைக் களைய, அந்த அலையின் முழுச் சுற்றுகளுக்குச் சராசரி எடுக்கிறது. ஒரு சுற்றுக்கு 20 மில்லிவிநாடி. நல்ல துல்லியத்துக்குப் பத்துச் சுற்று, அதாவது 200 மில்லிவிநாடி. அளந்து முடித்த எண்ணை அது பதினாறு எழுத்துகளாக அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். உச்சவரம்பில் பத்தில் ஒரு பங்கு வேகத்தில் போனாலும் அதற்கு ஆகும் நேரம் 160 மைக்ரோவிநாடி. அளக்க ஆகும் நேரம் அனுப்ப ஆகும் நேரத்தைப்போல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மடங்கு. கேபிளை நூறு மடங்கு வேகமாக்கினாலும் இந்தச் சோதனை கண்ணுக்குத் தெரியுமளவு சீக்கிரம் முடியாது. காத்திருப்பது இயற்பியலுக்காக, பஸ்ஸுக்காக அல்ல.

அலைக்காட்டி வேறு கதை, அதை மறைக்கக் கூடாது. ஒரு கோடிப் புள்ளிகளைச் சேமிக்கும் நவீன அலைக்காட்டியிலிருந்து புள்ளிக்கு ஒரு பைட் வீதம் எல்லாவற்றையும் எடுக்க, ஜிபிஐபி தன் உச்ச வேகத்தில் ஓடினாலும் பத்து விநாடி ஆகும். ஈதர்நெட் அதை ஒரு விநாடிக்குள் முடித்துவிடும். அங்கே பழைய பஸ் தோற்றுத்தான் போகிறது. தோல்வியின் காரணமும் அந்தப் பொறுமையேதான். கேபிளில் சமிக்ஞை ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 5 நானோவிநாடி. இருபது மீட்டர் போக 100 நானோவிநாடி. ஒவ்வொரு பைட்டுக்கும் கம்பிகள் பலமுறை எழுந்து தாழ வேண்டியிருப்பதால் இந்தத் தாமதம் திரும்பத் திரும்பக் கூடுகிறது. நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் ஒவ்வொரு பைட்டுக்கும் கைகாட்டிக் காத்திருப்பதை விட்டுவிட்டு விநாடிக்கு 80 லட்சம் பைட் வரை போகும் முறை ஒன்றைக் கொண்டுவந்தது. 2003இல் அது தரத்தில் சேர்ந்தது, அதுவும் ஹெச்பியின் எதிர்ப்பை மீறி. எதிர்ப்பைப் புரிந்துகொள்வது கடினமல்ல: எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள் என்ற உறுதியே இந்தப் பஸ்ஸின் மூலதனம் என்று நினைத்தவர்களுக்கு, வேகத்துக்காக அதைத் தளர்த்துவது அஸ்திவாரத்தில் கைவைப்பதாகத் தோன்றியிருக்கும். கருவிகளின் எண்ணிக்கைக்கு உள்ள வரம்பும் இப்படிக் கணக்கிலிருந்து வந்ததே. கம்பியைத் தாழ்த்தும் சிப் 48 மில்லியாம்பியர் வரை இழுக்க வல்லதாக இருக்க வேண்டும். ஒரு கருவி சுமத்தக்கூடிய பளு 3.2 மில்லியாம்பியர். வகுத்துப் பாருங்கள், பதினைந்து வரும். கட்டுப்படுத்தியையும் சேர்த்து ஒரு பஸ்ஸில் பதினைந்து பெட்டிக்கு மேல் கூடாது என்ற விதி அதுதான்.

இவ்வளவு கவனமாகப் பேச்சு ஒழுங்கை வகுத்தவர்கள், என்ன மொழியில் பேசுவது என்பதைத் தொடவே இல்லை. 1975இன் தரம் பைட்டைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அந்தப் பைட்டுக்கு என்ன அர்த்தம் என்பது கருவி செய்தவரின் விருப்பம். விளைவை ஒரு சிறு உதாரணத்தில் பார்க்கலாம். ஹெச்பி 3478ஏ மல்டிமீட்டருக்கு ‘எஃப்1’ என்று அனுப்பினால் நேர்மின்னழுத்தத்தை அளக்கும். கீத்லி 196 மல்டிமீட்டருக்கு அதே ‘எஃப்1’ மாறுமின்னழுத்தத்துக்கான குறி. நேர்மின்னழுத்தம் வேண்டுமானால் ‘எஃப்0’ என்று சொல்லி, செயல்படுத்து என்பதற்கு இறுதியில் இன்னோர் எழுத்தையும் சேர்க்க வேண்டும். ஒரு மீட்டரைக் கழற்றி இன்னொன்றை வைத்தவர் நிரலை மாற்ற மறந்தால் பிழைச் செய்தி எதுவும் வராது. எண் வரும். தவறான எண், மிகுந்த மரியாதையோடு, ஒரு பைட்டும் தவறாமல் வந்து சேரும். இணைப்பு என்பது மின்சாரப் பிரச்சினை என்று வாதிடுபவர்களுக்கு இதைவிட நல்ல மறுப்பு தேவையில்லை. கம்பிகள் எல்லாம் சரி, முகவரி சரி, கைகாட்டல் சரி. சோதனை மட்டும் பாழ்.

இந்தக் குறையைச் சரிசெய்யப் பன்னிரண்டு ஆண்டு ஆனது. 1987இல் வந்த 488.2 என்ற இரண்டாம் பாகம் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான சில ஆணைகளை வகுத்தது. ‘*ஐடிஎன்?’ என்று கேட்டால் எந்தக் கருவியும் தன் தயாரிப்பாளர், மாதிரி, வரிசை எண், உள்மென்பொருளின் பதிப்பு ஆகிய நான்கையும் கமா போட்டுச் சொல்ல வேண்டும். 1990இல் ஸ்கிப்பி என்ற மொழி வந்தது. எந்த நிறுவனத்தின் மீட்டராக இருந்தாலும் நேர்மின்னழுத்தத்தை அளக்க ‘மெஷர்:வோல்டேஜ்:டிசி?’ என்றால் போதும் என்றாயிற்று. 488.2இல் ஓர் அழகான விதி உண்டு: பேசும்போது கறாராகப் பேசு, கேட்கும்போது பெருந்தன்மையோடு கேள். 1.5 என்றாலும் 1.500 என்றாலும் அடுக்குக்குறி போட்டு எழுதினாலும் கருவி ஏற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் அது திருப்பிச் சொல்லும்போது வகுத்த வடிவத்திலிருந்து ஓர் எழுத்துகூட நகரக் கூடாது. முதல் பாகத்தின் மூன்று கம்பிகள் வேகத்தில் காட்டிய பொறுமையை, இரண்டாம் பாகம் சொற்களுக்கும் நீட்டியது எனலாம்.

கருவிகளை அமைக்கும்போது நேரும் கோளாறுகளும் பெரும்பாலும் ஒழுங்குக் கோளாறுகளே. இரண்டு பெட்டிகளுக்கு ஒரே முகவரி இருந்தால் பேசச் சொன்னதும் இரண்டும் சேர்ந்து பேசும். தரவுக் கம்பிகளில் இரண்டின் பிட்டுகளும் கலந்து, யாருமே சொல்லாத மூன்றாவது எழுத்து ஒன்று வரும். பல பழைய கருவிகள் ஸ்விட்சைப் பவர் போடும்போது மட்டுமே படிக்கும். எனவே ஓடிக்கொண்டிருக்கையில் முகவரியை மாற்றிவிட்டு மாறவில்லையே என்று குழம்புவது சகஜம். கேள்வி கேட்காமலே பதிலைப் படிக்கப் போனால் கருவியிடம் சொல்ல எதுவும் இல்லை; கணினி காத்திருந்து அலுத்துப்போகும், கருவியின் பிழைப் பட்டியலில் -420 என்ற எண் ஏறும். கேள்வி கேட்டுவிட்டுப் பதிலை முழுதும் வாங்காமல் அடுத்த ஆணையை அனுப்பினால் -410. இரண்டும் கருவியின் கோளாறு அல்ல, உரையாடலில் முறை தவறியதன் பதிவு. செய்தி எங்கே முடிகிறது என்பதிலும் இதே கதை: சில கருவிகள் கடைசி எழுத்தோடு ‘இஓஐ’ கம்பியைத் தாழ்த்தி முடிவைச் சொல்லும், சில புதுவரி எழுத்தை அனுப்பிச் சொல்லும், பல இரண்டையும் செய்யும். எதிர்முனை எதிர்பார்ப்பது வேறு என்றால், முழுப் பதிலும் வந்துசேர்ந்த பிறகும் கணினி இன்னும் வரும் என்று காத்துக்கொண்டிருக்கும். கேபிளைத்தான் குறை சொல்லத் தோன்றும். ஆனால் முகவரி அழைக்கும் பைட்டுகள் போய்ச்சேர்ந்து, தரவின் முதல் பைட்டில் ‘கேட்பவர் யாரும் இல்லை’ என்று பிழை வருகிறதென்றால், கம்பியில் யாரோ உயிரோடு இருந்து கைகாட்டியிருக்கிறார் என்பது உறுதி. முதலில் பார்க்க வேண்டியது முகவரியை.

இந்த நீண்ட ஆயுளுக்குக் காரணம் வெறும் பழக்கம் என்று சொல்பவர்கள் உண்டு. விலை உயர்ந்த கருவியை எந்த ஆய்வகமும் தூக்கிப் போடாது, ஆகவே அதன் கேபிளும் நிற்கிறது, அவ்வளவுதான் என்பார்கள். பழைய கேபிள்கள் ஏன் கழற்றப்படவில்லை என்பதற்கு அது போதுமான விளக்கம். பழைய சுமை எதுவும் இல்லாமல் புதிதாக வந்தவை ஏன் அதன் இலக்கணத்தை எடுத்துக்கொண்டன என்பதற்கு அது விளக்கமாகாது. அளவைக் கருவிகளுக்காக யுஎஸ்பியில் வகுத்த தரத்தில் யுஎஸ்பி488 என்றே ஒரு பிரிவு இருக்கிறது. தொலைவிலிருந்து ஆளுவது, ட்ரிகர் கொடுப்பது, நிலையைக் கேட்பது என்று பழைய நிர்வாகக் கம்பிகளின் வேலைகள் அங்கே செய்திகளாக உருமாறியிருக்கின்றன. ஈதர்நெட்டுக்காக 2010இல் வந்த ஹைஸ்லிப் நெறிமுறைக்கு ஒதுக்கப்பட்ட வாயில் எண் 4880. கம்பி போய்விட்டது, எண் மட்டும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. இன்னொன்று: ஒரே பைட்டால் பல கருவிகளை ஒரே கணத்தில் அளக்கச் சொல்லும் குழு ட்ரிகர் ஜிபிஐபியில் பிறவியிலேயே உண்டு. தனித்தனி யுஎஸ்பி கேபிள்களில் தொங்கும் கருவிகளிடம் அதைச் செய்விக்கத் தனியாக ட்ரிகர் கம்பி இழுக்க வேண்டியிருக்கிறது.

ஆனாலும் புதிதாக ஓர் ஆய்வகம் அமைப்பவர் இதையே வாங்க வேண்டும் என்று வாதிட முடியாது. விரலளவு தடித்த கேபிள், கணினிக்கு ஒரு தனி அட்டை, இரண்டுக்கும் சேர்த்து ஆகும் செலவு சிறு ஆய்வகத்துக்குச் சுமைதான். 1977இல் இந்தப் பஸ்ஸைத் தன் பெட் கணினியில் வைத்த கொமடோர் நிறுவனமே பின்னர் வந்த கணினியில் கேபிள் செலவு தாங்காமல் அதன் மெலிந்த தொடர்வடிவம் ஒன்றுக்கு மாறியது. நானோவோல்ட் அளவில் வேலை செய்பவருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: எட்டுத் தரைக்கம்பிகள் வழியே கணினியின் இரைச்சல் நேராக மீட்டருக்குள் நுழைகிறது. அதைத் தடுக்க இடையில் ஒளியிழை நீட்டிப்பான் வைப்பவர்கள் இருக்கிறார்கள். வாங்குபவர் கணக்கு இப்படி. வைத்திருப்பவர் கணக்கு வேறு. லினக்ஸ் கருநிரலின் சோதனைப் பகுதியில் ஜிபிஐபி அட்டைகளுக்கான ஓட்டுநிரல்கள் இடம்பெற்றது 6.13 பதிப்பில், 2025 ஜனவரியில். தரம் வெளிவந்து அப்போது ஐம்பது ஆண்டு. அதுவரை அவை கருநிரலுக்கு வெளியே தனித்திட்டமாகவே வளர்ந்தன. கருநிரல் மாறும்போதெல்லாம் யாரோ ஒருவர் உட்கார்ந்து அவற்றைத் திருத்திப் பொருத்திக்கொண்டிருந்தார்.